ஊரடங்குக் காலத்தில் பூநாரை கூடியது உண்மையா?

பனங்கூடல்:
வணக்கம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்திருக்கிறார்கள், கொரோனாக் காலம் காட்டுயிர்களுக்கும் இயற்கைக்கும் என்ன செய்தது என்று. தரம் 10. இணையத்தில் தேடினால் ஒரே பாட்டுத்தான்: மனிதன் வீட்டுக்குள் அடைபட்டான், இயற்கை மூச்சு விட்டது. நானும் அவளுக்கு அதையே சொல்லிவிட்டேன். 2020 மார்ச் 20 பின்னேரம் ஊரடங்கு போட்ட பிறகு எங்கள் ஒழுங்கையில் மயில் நடந்து போனதை நானே மதிலால் எட்டிப் பார்த்தேன், கிணற்றடியில் உடும்பு பட்டப்பகலில் வெயில் காய்ந்தது, யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் பக்கம் பூநாரை அந்த வருடம் அள்ளு கொள்ளை என்று மச்சானும் சொன்னார். அவள் கேட்கிறாள், "யாரப்பா எண்ணிப் பார்த்தது?" என்று. என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தாம்போதி:
பிள்ளை கேட்டதுதான் கேள்வி. பூநாரையை ஊரடங்குக் கணக்கில் எழுத வேண்டாம் அண்ணை. அது மாரியோடு வந்து சேர்கிற கூட்டம், பங்குனி அளவில் பெரும்பாலும் கலையத் தொடங்கிவிடும். ஊரடங்கு தொடங்கியதே பங்குனியில். அவை வெளிக்கிடுகிற நேரம் நாங்கள் கதவைச் சாத்தினோம், அவ்வளவுதான். மண்டைதீவிலோ சுண்டிக்குளத்திலோ எத்தனை நிற்கும் என்பது தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு உப்பு, சேற்றில் இரை கிடக்கிறதா என்பதைப் பொறுத்தது. உங்கள் உடும்பும் முன்பே அந்த வளவில் இருந்திருக்கும். கிணற்றடியைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களுக்குத்தான் அப்போது நேரம் கிடைத்தது.

அதற்காக எல்லாம் பொய் என்று இல்லை. 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு ஆய்வு வந்தது. 43 வகைப் பாலூட்டிகள், ஏறக்குறைய 2,300 விலங்குகள், எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ் கருவி பூட்டியிருந்தார்கள். முடக்கம் கடுமையாக இருந்த இடங்களில் பத்து நாளில் அவை எட்டிய நீண்ட தூரங்கள் 73 சதவீதம் கூடியிருந்தன, ஆள் நெருக்கமான பகுதிகளில் வழக்கத்தை விட 36 சதவீதம் தெருவுக்குக் கிட்ட நின்றன. நடமாட்டம் மாறியது, அது உறுதி. எண்ணிக்கை கூடியதாக அந்த ஆய்வு சொல்லவில்லை.

களங்கண்டி:
நாங்கள் தொழிலுக்குப் போகிற ஆட்கள், அதனால் வேறு பக்கம் சொல்கிறேன். தொடக்கத்தில் கடலுக்கு இறங்க விடவில்லை, பிறகு பாஸ் என்றார்கள், நண்டு வாங்குகிற கொம்பனி பூட்டு, கொழும்புக்கு லொறி இல்லை, பிடித்தாலும் கேட்க ஆளில்லை. மீனுக்கு ஓய்வு கிடைத்தது உண்மை. அப்புறம்? அடுப்பு எரிய வேண்டுமே. எங்கள் பக்கம் ஆமை இறைச்சி வாளியில் வீட்டு வாசலுக்கே வந்தது, மேலே முருங்கையிலை பரப்பி, யாரும் கேட்டால் இலை விற்கிறேன் என்று சொல்லலாம். கண்டல் மரங்களைத் தறித்து விறகாக்கினார்கள். ஆமையில் கை வைத்தால் குற்றம் என்று தெரியாதவன் இங்கே ஒருத்தனும் இல்லை, ஆனால் கையில் காசும் இல்லை, தெருவில் பார்க்க ஆளும் இல்லை. ஒருதரம் நாங்களும் வாங்கினோம், மறைத்து என்ன. இதையும் யாரும் எண்ணவில்லை.

ஆலடி:
களங்கண்டி அண்ணை சொல்வதற்கு இந்தியாவில் கணக்கு இருக்கிறது. காட்டுயிர் வியாபாரத்தைக் கண்காணிக்கிற 'டிராபிக்' அமைப்பு 2020இல் வெளியிட்டது: முடக்கத்துக்கு முந்தைய ஆறு கிழமையில் செய்தியில் வந்த வேட்டைச் சம்பவங்கள் 35, முடக்கத்தின் ஆறு கிழமையில் 88. அதில் இறைச்சிக்காக மான் போன்ற குளம்பு விலங்குகளை அடித்தது 8இலிருந்து 39 ஆனது. புலி வேட்டை அப்படிக் கூடவில்லை. அதாவது எல்லை தாண்டிக் கடத்துகிறவனை விட, வீட்டுச் சட்டிக்கும் உள்ளூர்ச் சந்தைக்கும் அடித்தவனே கூட. எங்கள் இலங்கையிலும் யால, உடவளவ தேசியப் பூங்காக்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன, நுழைவுச் சீட்டுக் காசும் இல்லை, ஜீப் ஓடுகிறவர்களுக்குப் பிழைப்பும் இல்லை.

நாவற்காடு:
ஒன்றை விட்டுவிட்டீர்கள், நோய் மனிதரிடமிருந்து விலங்குக்கும் போனது. 2021இல் தெகிவளை மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கத்துக்குத் தொற்றியது, அதே காலத்தில் சென்னை வண்டலூரிலும் சிங்கங்களுக்கு. டென்மார்க்கில் 2020 கார்த்திகையில் மென்மயிருக்கு வளர்த்த மிங்க் என்ற சிறு விலங்குகள் எல்லாவற்றையும் கொல்லச் சொன்னார்கள், ஒன்றரைக் கோடிக்கு மேல்.

மற்றது முகக்கவசம். தாம்போதிக் கல்லில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டு நின்றது, ஒரு காலில் நீல முகக்கவசம், காதில் மாட்டுகிற நாடா இரண்டு சுற்று இறுகிக் கிடந்தது. கிட்டப் போனேன், பறந்துவிட்டது, கவசமும் தொங்கிக்கொண்டே போனது.

பனங்கூடல்:
எல்லோருக்கும் நன்றி. பூநாரையை வெட்டியாயிற்று, மச்சானுக்குத்தான் கொஞ்சம் கோபம். களங்கண்டி அண்ணை, ஊர் பெயர் போடாமல் ஆமைக் கதையை எழுதலாமா என்று மகள் கேட்கிறாள்.

களங்கண்டி:
எழுதட்டும். முருங்கையிலையை மறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.