மறு: கிராவல் பைக்குக்குத் தமிழ்ச்சொல்: பெயர் வண்டிக்கா, வழிக்கா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை இன்று காலைதான் ஒரே மூச்சில் படித்தேன். ஜல்லி வண்டி, சரளை வண்டி, கப்பி சைக்கிள், கரட்டு மிதிவண்டி, பரல்வழி என்று ஐந்து பரிந்துரைகள் வந்திருக்கின்றன. கிராவல் பைக், அதாவது தார் போடாத கல்பாதைகளில் ஓட்டுகிற சைக்கிளுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்வியைத் தொடங்கியவன் நான். அதனால் எனக்குத் தோன்றுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சொல் எந்த இடத்துக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில், 1952-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நார்த் யார்க் மூர்ஸ் பகுதிக்கு ஒரு சைக்கிள் வழிக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிளேக்கி மேட்டில் தொடங்கி, பழைய ரோஸ்டேல் ரயில்பாதையைப் பார்த்துவிட்டு, வெஸ்டர்டேல் வழியாக எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, விட்பியில் கடலைத் தொடுகிற வழி. ரோஸ்டேல் ரயில் 1861 முதல் 1929 வரை இரும்புக்கல் ஏற்றிக்கொண்டு 1,300 அடிக்கும் மேலே மேட்டின் முதுகில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், பாதை மட்டும் இருக்கிறது. ரயிலுக்காகப் போட்டது என்பதால் ஃபார்ண்டேல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியை வளைந்து வளைந்து சுற்றிப் போகிறதே தவிர, கால் கடுக்கும் ஏற்றம் கிடையாது.

சரி, சொற்களுக்கு வருவோம்.

ஜல்லி வண்டி, சரளை வண்டி இரண்டுமே வேண்டாம் என்பேன். தண்ணீர் வண்டி தண்ணீர் கொண்டுவரும், குப்பை வண்டி குப்பை அள்ளும். தமிழில் ஒரு பொருளின் பெயரை வண்டிக்கு முன்னால் வைத்தால் அது பெரும்பாலும் சுமையைத்தான் காட்டும். ஜல்லி வண்டி என்றால் கட்டடம் கட்டும் இடத்தில் கல்லைக் கொட்டிவிட்டுப் போகும் லாரிதான் என் கண்ணில் நிற்கிறது.

'கிராவல் என்றே வைத்துக்கொள்ளலாமே' என்று கேட்டவருக்கும் பதில் சொல்ல வேண்டும். கடன்சொல் என்பதற்காக நான் மறுக்கவில்லை. அந்தச் சொல் ஏற்கெனவே நம்மிடம் வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராவல் என்றால் பள்ளம் நிரப்பக் கொட்டுகிற செம்மண். இலங்கை நண்பர்கள் கிறவல் வீதி என்று எழுதுவது செம்மண் இட்டு இறுக்கிய ஊர்ச்சாலையை. இரண்டையும் கேட்டு வளர்ந்தவருக்கு யார்க்‌ஷயர் மேட்டின் சாம்பல் நிறக் கல்பாதை மனதில் வரவே வராது.

கப்பி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கப்பி ரோடு என்பது ஊரில் எல்லார் வாயிலும் இருந்த சொல். தார் போடுவதற்கு முன்னால் உடைத்த கல்லைப் பரப்பி அழுத்திய சாலை, கிட்டத்தட்ட நமக்கு வேண்டிய பொருளேதான். ஆனால் பள்ளிப் பாடநூலில் கப்பி என்றால் கிணற்றில் கயிறு ஓடுகிற உருளை. வேறு இடமாக இருந்தால் குழப்பம் வராது என்று விட்டுவிடலாம். ரோஸ்டேலில் விட முடியாது. மேட்டின் விளிம்பிலிருந்து கீழே பேட்டர்ஸ்பி பக்கம் இறங்கும் இங்கிள்பி சரிவில், கல் ஏற்றிய பெட்டிகள் இறங்குகிற எடையே கயிற்றின் மறுமுனையில் கட்டிய வெற்றுப் பெட்டிகளை மேலே இழுத்தது. அதே வழிக்குறிப்பில் 'கப்பித்தடம்' என்று எழுதினால், படிப்பவர் அந்தக் கயிற்றுச் சரிவைத்தான் நினைப்பார். நினைப்பது நியாயமும்கூட.

கரடு என்பதைப் பரிந்துரைத்த கொங்கு நாட்டு அண்ணனுக்கு: கரடு என்றால் உங்கள் பக்கம் பாறைக் குன்று என்ற பொருளும் இருப்பதால் மேட்டு நிலத்துக்குப் பொருந்துகிறது என்றீர்கள். அழகான வாதம்தான். ஆனாலும் கரடுமுரடான வழிக்கென்றே மலைச் சைக்கிள் தனியாக இருக்கிறது. முன் கவட்டில் அதிர்வுதாங்கி, குறுக்கே நேரான கைப்பிடி. நாம் பேசுகிற சைக்கிளுக்குப் பந்தய சைக்கிள் போல வளைந்து இறங்கும் கைப்பிடி; டயர் மட்டும் 40 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன். கரடு தொடங்குகிற இடத்தில் இதன் ஓட்டம் முடிந்துவிடும், இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

பரல்வழி எழுதிய அக்காவின் மடலை இரண்டு முறை படித்தேன். சிறு கல்லைக் குறிக்கும் பரலும், பருக்கைக்கல் நிலத்தைக் குறிக்கும் முரம்பும் சங்கப் பாடல்களில் வருகிற சொற்கள். பரற்றடம் என்று புணர்ந்து நாக்கைப் புரட்டாமல் 'வழி' சேர்த்ததும் நல்ல யோசனை. ஆனால் இன்று பரல் என்றால் எல்லாருக்கும் சிலம்புதான் நினைவு வருகிறது. வழிக்குறிப்பு மழையில் நின்று ஈரக் கையால் பிரித்துப் பார்க்கிற தாள். ஒரு சொல்லுக்கு இரண்டாவது முறை நின்று யோசிக்க வைக்கக் கூடாது.

என் பரிந்துரை: சரளைத்தடம். வண்டிக்கு முன்னால் வழிக்குப் பெயர் வைப்போம். ஏன் என்றால், இந்தப் பொழுதுபோக்கே வழியிலிருந்து பிறந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஃபிளின்ட் குன்றுகளுக்கு நடுவே தார் காணாத ஊர்ச்சாலைகள் இருந்தன. எம்போரியாவில் 2006-இல் தொடங்கிய நெடும்பந்தயம் அந்தச் சாலைகளை நம்பி வந்தது. பிறகு அதற்கென்று சைக்கிள் செய்தார்கள். 2022-இல் இத்தாலியில் முதல் உலகப் போட்டியும் நடந்துவிட்டது. தடத்துக்குப் பெயர் நின்றுவிட்டால், சரளைத்தட சைக்கிள், சரளைத்தட ஓட்டம் எல்லாம் தானாக வரும்.

'எல்லா இடத்திலும் சரளை இல்லையே' என்ற மறுப்பு சரியானது. போன மாதம் பிளேக்கியிலிருந்து சற்றுத் தள்ளிக் குனிந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். சுண்டைக்காய் அளவு மணற்பாறைச் சில்லு, அதோடு கறுப்புச் சாம்பல், நடுவில் செங்கல் பொடி போல ஒரு சிவப்பு. இரும்புக்கல்லைச் சூளையில் சுட்டு எடையைக் குறைத்துத்தான் ரயிலில் ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு சூளைத் தூளாக இருக்கும் என்று நினைக்கிறேன். விட்பியிலிருந்து ஸ்கார்பரோ போகும் சிண்டர் டிராக்கில் இன்னும் வேறு. 1885 முதல் 1965 வரை ரயில் ஓடிய அந்தப் பாதையில் கல்லுக்குப் பதில் எரிந்த கரிக்கட்டிகளைத்தான் பரப்பியிருந்தார்கள், பெயரே அதனால் வந்தது. ஆனால் சரளையிலும் இந்த இரண்டு பாதைகளிலும் டயருக்கு அடியில் நடப்பது ஒன்றுதான்: சிறு துண்டுகள் உருண்டு விலகி, மறுபடி இறுகிப் பிடிக்கின்றன. அந்த உணர்வுக்கு நம்மிடம் இருக்கிற சொல் சரளை.

அடுத்தது நார்த் யார்க் மூர்ஸ் என்ற பெயரில் வருகிற மூர். அகராதிகளில் பார்க்கும் தரிசு, கரம்பு, சதுப்பு மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. தரிசு என்றால் உழக்கூடிய நிலத்தை உழாமல் போட்டது. மூர் அப்படிப்பட்டதல்ல. முழங்கால் உயர ஹெதர் புதர் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஆகஸ்டில் முழுக்க ஊதா. செம்மறி மேய்கிறது. கௌதாரிக்கு உறவான க்ரௌஸ் பறவைக்கு இளந்தளிர் கிடைக்க, புதரைத் திட்டுத் திட்டாக முறைவைத்து எரிக்கிறார்கள். இதை 'மேட்டுப் புதர்வெளி' எனலாமா? இதேபோன்ற புதர் தாழ்நிலத்தில் இருந்தால் ஹீத் என்பார்கள்; அதற்கு வெறும் 'புதர்வெளி' போதும். ரோஸ்டேல், வெஸ்டர்டேல் பெயர்களில் வருகிற டேலுக்குப் பள்ளத்தாக்கு இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம்.

ஒரு சொல்லில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: குதிரைப்பாதை, அதாவது நடப்பவரும் குதிரையில் போகிறவரும் செல்ல உரிமையுள்ள 'பிரைடில்வே'. இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை வந்தது, அதுவும் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டால்தான். நடந்து போவதற்கு மட்டுமான வழியில் அந்த உரிமை இல்லை. ஆகவே இரண்டையும் 'ஒற்றையடிப் பாதை' என்று எழுதிவிட்டால் படிப்பவரைத் தவறான வழியில் அனுப்பிவிடுவோம். நடப்பதற்கானது 'நடைவழி' என்று இருக்கட்டும். நடைபாதை என்றால் நகரத்துச் சாலையோரம் நினைவுக்கு வரும்.

பீட் என்ற மண்ணுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. வடிகட்டி மிச்சமான காப்பித்தூள் போலக் கறுப்பாக, ஊறிப்போய் இருக்கும். முன்சக்கரம் இறங்கினால் ஒரு சாண் உள்ளே போய்விடும். கரிமண் என்று எழுதிப் பார்த்தேன், நிலக்கரிச் சுரங்கம் போல ஒலிக்கிறது. நீலகிரியின் மேட்டுப் புல்வெளிகளிலும் இதே மண் உண்டு. எருமை மேய்த்தவர்கள் அதைப் பெயரில்லாமல் விட்டிருக்க மாட்டார்கள். ஊட்டிப் பக்கம் யாராவது இருந்தால், தோடர்களிடமும் படுகர்களிடமும் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத முடியுமா? குறிப்பை அச்சுக்குக் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

அன்புடன்.