சைக்கிள் வீரர் டெல் டோரோ, அந்தக்கால ஜாம்பவான் மெர்க்ஸ் வரிசைக்கு வருவாரா?

காசிமேடு: 2025 ஜீரோவுல, அதான் இத்தாலியோட மூணு வார சைக்கிள் ரேஸுல, டெல் டோரோவுக்கு 21 வயசுலயே 11 நாள் பிங்க் ஜெர்சி, அதாவது மொத்தத்துல முதலிடம். கடைசி பெரிய மலையில கோட்டை விட்டது ஏன்ணா?

தண்டையார்பேட்டை: காலு ஓயல தம்பி, கணக்குதான் தப்பு. அந்த மலை ஃபினெஸ்த்ரே, 18.5 கிலோமீட்டர், சராசரி ஏத்தம் 9.2 சதவீதம், கடைசி 8 கிலோமீட்டர் மண் ரோடு. பேசின் பிரிட்ஜ் ஏத்தம் ஒரு மணி நேரம் முடியாம நீண்டா எப்படி, அப்படி. அன்னிக்குக் கிளம்பறப்போ மொத்த நேரத்துல போட்டியாளர் கராபாஸ் 43 வினாடி பின்னாடி, இன்னொருத்தர் யேட்ஸ் 1 நிமிஷம் 21 வினாடி. கராபாஸையே பார்த்துட்டு யேட்ஸை விட்டுட்டார். அவ்வளவு செங்குத்துல வேகம் கம்மி, காத்துத் தடையும் கம்மி, அதனால பின்சக்கரத்துல ஒட்டுறவனுக்குப் பெரிய லாபமில்ல. தானே சீரா மிதிச்சிருக்கணும்.

எண்ணூர்: முன்னாடியே போயிருந்த யேட்ஸோட டீம்மேட் வான் ஆர்ட் வேற காத்திருந்து, இறக்கம் முடிஞ்சதும் யேட்ஸை இழுத்துட்டுப் போனார்ல!

தண்டையார்பேட்டை: ஆமா, அங்கதான் கதை முடிஞ்சுது, ஜீரோவ யேட்ஸ் ஜெயிச்சுட்டார். மெர்க்ஸுக்கு 5 டூர் டி பிரான்ஸ், 5 ஜீரோ, 19 மான்யுமென்ட், அதாவது பெரிய ஒருநாள் ரேஸ் வெற்றி. டெல் டோரோ டீம்லயே டூர் சாம்பியன் பொகாச்சார் இருக்கறதால டூர்ல தலைமை கஷ்டம். முதல்ல ஜீரோவ ஜெயிக்கட்டும்.