பால் பைத்தான் மார்ப்: குட்டியில் பார்த்த நிறம் பெரிதானதும் எங்கே போகிறது? (அனுபவப் பகிர்வு)

செதில்:

பால் பைத்தான் (Ball python) வீட்டில் வளர்க்கும் ஒரு மலைப்பாம்பு வகை; மரபணுவால் நிறமோ கோலமோ மாறி வருபவற்றை மார்ப் என்கிறோம். விற்பனைப் படங்களில் வருவது பெரும்பாலும் முதல் ஷெட் (தோல் உரிப்பு) முடிந்து ஒன்றிரண்டு நாளான குட்டி. எடை 50 முதல் 80 கிராம் இருக்கும், சுருண்டு உட்கார்ந்தால் ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான். பல மார்ப்களுக்கு வாழ்நாளிலேயே நிறம் உச்சத்தில் நிற்கும் வாரம் அது. அந்தப் படத்தை நம்பி வாங்கிவிட்டு, பாம்பு 1,500 கிராம் தொட்டதும் ஏமாற்றிவிட்டார்கள் என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அந்த மார்ப் போகிற வழியே அதுவாக இருக்கலாம்.

எந்த மார்ப், எந்த எடையில், என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். "செமயா இருக்கும்" மாதிரி பதில்கள் வேண்டாம். வயதை விட எடையைச் சொல்லுங்கள். தீனி கொடுக்கும் வேகத்தைப் பொறுத்து ஒரே வயதுள்ள இரண்டு பாம்புகளில் ஒன்று 400 கிராமும் இன்னொன்று 900 கிராமும் இருக்கும். நிறம் உடம்பின் வளர்ச்சியோடு போகிறது, காலண்டரோடு அல்ல.

பாஸ்டலில் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் 1997-ல் மரபு நிரூபிக்கப்பட்ட மார்ப். ஒரு பிரதி மரபணு போதும், இரண்டு பிரதி இருந்தால் சூப்பர் பாஸ்டல். குட்டியில் எலுமிச்சை மஞ்சள், விலாவில் வெள்ளையாக மங்கும் ஓரம், தலையில் வெளிறிய திட்டு, பச்சை சாய்ந்த கண். 300 கிராம் தாண்டும்போது முதுகுப் பக்கத்து மஞ்சளில் பழுப்பு ஏறத் தொடங்கும். நல்ல வெளிச்சத்தில் கிட்டே பார்த்தால் மஞ்சள் செதிலின் மேல் பழுப்புத் தூள் படிந்ததுபோல் தெரியும். 1,000 கிராமில் சில பாஸ்டல்கள் நார்மலோடு (மார்ப் இல்லாத இயல்பு நிறப் பாம்பு) நிறுத்தினால் குழம்புகிற அளவுக்குப் போய்விடும். இதைத்தான் பிரௌன் அவுட் என்கிறோம். கண்ணின் பச்சையும் உதட்டுப் பகுதியின் வெளிறலும் மிஞ்சும், அடையாளம் காண அவை போதும்.

எல்லா பாஸ்டலும் இப்படி ஆவதில்லை. பல தலைமுறை பார்த்துப் பொறுக்கி வளர்த்த வரிசைகளில் மஞ்சள் நிற்கிறது. அது எந்த வரிசை என்று குட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாய், தகப்பன் இரண்டின் இன்றைய படத்தைக் கேளுங்கள். அவை குட்டியாக இருந்தபோது எடுத்த படத்தை அனுப்பினால் அந்த இடத்தில் வாங்காதீர்கள்.

முட்டைப்பெட்டி:

செதில் அண்ணன் சொன்னதற்கு முந்தைய கட்டத்தை எழுதுகிறேன். முட்டையிலிருந்து முதல் ஷெட் வரைக்கும் எந்த மார்ப் என்று முடிவு கட்டவே கூடாது.

அடைகாப்புப் பெட்டியில் 31 முதல் 32 டிகிரி வைத்தால் 55 முதல் 60 நாளில் குட்டி மூக்கை நீட்டும். முழுதாக வெளியே வர இன்னும் ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். வந்த குட்டி ஈரத்தில் மங்கலாக இருக்கும். முதல் ஷெட் ஒரு வாரத்தில் இருந்து இரண்டு வாரத்துக்குள். அதுவரை தெரிவதெல்லாம் பழைய கண்ணாடி வழியாகப் பார்க்கிற நிறம். ஹைப்போ அல்லது கோஸ்ட் என்கிற மார்பில் இந்தக் குழப்பம் அதிகம். அது இயல்பிலேயே ஷெட்டுக்கு முந்தைய பாம்பு மாதிரி புகைமூட்டமாக இருக்கும். முதல் ஷெட் ஆன பிறகும் புகைமூட்டம் மிஞ்சினால்தான் ஹைப்போ.

அதே முட்டைத் தொகுதியில் ஒரு நார்மல் குட்டி இருந்தால் அதை விற்காமல் கடைசி வரை வைத்திருங்கள். பக்கத்தில் வைத்து ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

நீலக்கண் லூசிஸ்டிக் (உடம்பு முழுக்க வெள்ளை, கண் நீலம்) குட்டிகள் வெள்ளையாகப் பிறக்காது, இளஞ்சிவப்பு கலந்திருக்கும். ஷெட் ஆக ஆக வெளுக்கும். மொஹாவே மார்பின் மரபணு இரண்டு பிரதி சேர்ந்து வந்ததென்றால் தலையில் சாம்பல் சாயம் நிற்கும், அது போகும் என்று காத்திருக்க வேண்டாம். லெஸ்ஸர் மார்பின் மரபணு இரண்டு பிரதி சேர்ந்தால் வெள்ளை சுத்தமாக இருக்கும், ஆனால் கண் பிதுங்கிய குட்டிகள் வரும். அந்த ஜோடியைப் போடாமல் இருப்பதே நல்லது.

சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பாஸ்டல் இரண்டும் மைக்கறுப்பாகப் பிறக்கும். வாங்குபவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் விலை கொடுக்கிறார்கள், அது நிற்காது. வளர வளர சாக்லேட், சிலது சாம்பல் கலந்த பழுப்பு. இந்த இரண்டிலும் முதுகெலும்பு வளைவும் வாத்து வாய் மாதிரி தட்டையான மூக்கும் வரும் என்பதால், நிறத்துக்கு முன்னால் முதுகை விரலால் தடவிப் பாருங்கள்.

பனானா பக்கம்:

பனானா வாங்குறவங்க எல்லாரும் ஒரு நாள் இந்தக் கேள்வியோட வருவாங்க: "கறுப்புப் புள்ளி வருதே ப்ரோ, நோயா?" இல்ல. பனானா (கோரல் குளோன்னு விக்கிறதும் இதேதான்) குட்டியில மஞ்சளும் லாவெண்டரும் சுத்தமா இருக்கும், புள்ளி அநேகமா இருக்காது. சில மாசத்துல மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்பு வரும். அது வாழ்நாள் முழுக்க கூடிக்கிட்டேதான் போகும். லாவெண்டரும் மெதுவா மணல் நிறத்துக்குப் போயிடும். எத்தனை புள்ளி வரும்னு யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, கூடப்பிறந்ததுகளுக்குள்ளயே வித்தியாசம் வரும்.

ஆனா எல்லாப் புள்ளியும் மார்ப்னு விட்டுடாதீங்க. உண்ணியும் கறுப்புப் புள்ளி மாதிரிதான் இருக்கும், பனானாவுல சுலபமா ஒளிஞ்சுக்கும். கண்ணைச் சுத்தி இருக்கிற ஓரம், தாடைக்குக் கீழ இருக்கிற பள்ளம், உதட்டுல இருக்கிற வெப்பக்குழி, இந்த மூணு இடத்தைப் பாருங்க. வெள்ளை டிஷ்யூவை நனைச்சு தலையில இருந்து வாலுக்குத் தேய்ங்க. டிஷ்யூவுல கறுப்பு ஒட்டி நகர்ந்தா உண்ணி. பாம்புலயே நின்னா மார்ப். தண்ணிப் பாத்திரத்துல அடிக்கடி போய் ஊறிக்கிட்டே இருந்தாலும் உண்ணியைச் சந்தேகப்படணும்.

கூடவே ஒண்ணு. பனானா மரபணு, ஆணா பெண்ணான்னு தீர்மானிக்கிற பால் குரோமோசோம்ல இருக்கு. ஆண் பனானாவுக்கு அது தாய்கிட்ட இருந்து வந்திருந்தா அதோட பனானா குட்டிங்க பெரும்பாலும் பெண், தகப்பன்கிட்ட இருந்து வந்திருந்தா பெரும்பாலும் ஆண். ஜோடி போடுறதுக்கு முன்னாடி இதைக் கேட்டு வாங்கிக்கங்க.

கிராம் கணக்கு:

மேலே சொன்னதெல்லாம் இறங்குமுகம். ஏறுமுகத்தில் போவதும் உண்டு, அதை யாரும் படம் போட்டு விற்பதில்லை என்பதால் குட்டியில் மலிவாகவே போகிறது. டெசர்ட் கோஸ்ட்டைச் சொல்கிறேன். குட்டியில் பார்த்தால் அழுக்கு நார்மல் மாதிரி இருக்கும், எதற்கு இதை வளர்க்கிறார்கள் என்று தோன்றும். ஒவ்வொரு ஷெட்டுக்கும் கறுப்பு பின்வாங்கி மஞ்சள் தெளியும். மற்ற மார்ப்கள் பழுப்பாகும் எடையில் இது வெளிச்சமாகிறது. பின்னடைவு மரபு என்பதால் தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் மரபணு வர வேண்டும். பாஸ்டலோடு சேர்த்தால் பாஸ்டலின் பழுப்பும் வெகுவாகக் குறையும். வளர்ந்த பாம்பின் நிறம்தான் முக்கியம் என்றால் என் கைக்காசு இங்கேதான் போகும்.

எஞ்சி (Enchi) என்கிற மார்பும் ஆரஞ்சைப் பிடித்து வைக்கும் மரபணு. பாஸ்டல் எஞ்சி, தனிப் பாஸ்டலை விட நன்றாக முதிரும்.

அக்சாந்திக் வாங்குபவர்கள் கவனிக்க: குட்டியில் வெள்ளி, கறுப்பு, வெள்ளை. மஞ்சள் நிறமி இல்லாததால் வரும் நிறம். பெரிதானதும் வெள்ளியில் பழுப்பு கலக்கும், வரிசைக்கு வரிசை அளவு மாறும். இங்கே நிறத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விபிஐ, டிஎஸ்கே என்று பெயரிட்ட இரண்டு அக்சாந்திக் வம்ச வரிசைகளும் தனித்தனி. இரண்டையும் ஜோடி போட்டால் நார்மல் மாதிரியான குட்டிகள்தான் வரும். வரிசைப் பெயர் எழுதாத அக்சாந்திக்கை வளர்ப்புக்கு வாங்காதீர்கள்.

புதுசு:

சார், எங்கிட்ட இருக்கிற பாஸ்டல் 600 கிராம். மஞ்சள் மங்க ஆரம்பிச்சிருச்சு. தீனி மாத்தினா நிக்குமா? யூவி விளக்கு வெச்சா?

செதில்:

நிற்காது தம்பி. எலி தின்னும் பாம்புக்கு நிறம் கூட்டும் தீனி என்று எதுவும் கிடையாது. மீனுக்கும் பறவைக்கும் விற்கிற நிறப்பொடியைக் கொண்டுவந்து எலியில் தடவாதீர்கள். யூவி விளக்கும் பழுப்பை நிறுத்தாது.

ஆனால் மங்கலும் பழுப்பும் வேறு வேறு. முதலில் மங்கலுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக விலக்குங்கள். ஷெட் சுழற்சியில் முதலில் வயிறு இளஞ்சிவப்பாகும், பிறகு உடம்பு மங்கி கண் நீலம் பூக்கும், கண் மறுபடி தெளியும், அதற்குச் சில நாள் கழித்துத் தோல் உரியும். இந்த இடைவெளியில் எந்த மார்பும் பழுப்பாகத்தான் தெரியும். பழைய தோல் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே தோற்றம். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம், சூடான பக்கம் 31 முதல் 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ஒரு மறைவிடத்தில் ஈர ஸ்பாக்னம் பாசி. உரித்த தோல் முழுதாக வந்ததா, கண்ணின் மேல் இருக்கும் தோல் மூடி இரண்டும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் சரியாக இருந்து, ஷெட் முடிந்த மூன்றாம் நாளும் மஞ்சள் மங்கல்தான் என்றால் அதுதான் பாம்பின் உண்மையான நிறம்.

வயிற்றுச் சிவப்பில் ஒரு எச்சரிக்கை. ஷெட்டுக்கு முந்தைய சிவப்பு வயிறு முழுக்க ஒரே சீராக இருக்கும், ஷெட்டோடு போய்விடும். திட்டுத்திட்டாக, செதில் ஓரத்தில் பழுப்போடு, நீர்க்கொப்புளத்தோடு வந்தால் செதில் அழுகல் அல்லது சூட்டுத் தட்டின் காயம். தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

முட்டைப்பெட்டி:

அல்பினோவும் கேண்டியும் விட்டுப்போச்சு.

அல்பினோ குட்டியில் வெள்ளையும் மஞ்சளும் பளிச்சென்று பிரிந்திருக்கும். வளரும்போது மஞ்சள் ஆழமாகும், வெள்ளை பால்வெள்ளையில் இருந்து கிரீமுக்குப் போகும். இரண்டுக்கும் உள்ள நிற வேறுபாடு குறையும், ஆனால் பழுப்பு வராது. கேண்டி, டாஃபி என்று விற்பவை வேறு கதை. பிறந்தபோது அல்பினோவைப் போலவே இருக்கும், வளர வளர ஊதா கலந்த பழுப்பு ஏறும். காரணம் தெரிந்ததுதான். உரித்த தோல்களை வளர்ப்பவர்களிடமிருந்தே வாங்கி அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அல்பினோவில் மெலனின் (கறுப்பு, பழுப்பு நிறமி) செய்யும் டைரோசினேஸ் மரபணு உடைந்திருக்கிறது, லாவெண்டர் அல்பினோ மார்பில் ஓசிஏ2 என்ற மரபணு, அல்ட்ராமெல் மார்பில் டைர்ப்1 என்ற மரபணு. கேண்டியும் அல்பினோ இருக்கும் அதே டைரோசினேஸ் மரபணுதான், ஆனால் வேலை முழுதாக நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மெலனின் ஊறுகிறது. அதனால்தான் அல்பினோவையும் கேண்டியையும் ஜோடி போட்டால் நார்மல் வராமல் இரண்டும் சேர்ந்த கேண்டினோ வருகிறது.

குட்டி அல்பினோவா கேண்டியா என்று சந்தேகம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உரித்த தோலில் டிஎன்ஏ பரிசோதனை செய்கிறார்கள். தோலை நிழலில் நன்றாக உலர்த்தி, பிளாஸ்டிக்கில் போடாமல் காகித உறையில் அனுப்புங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்துவிடும்.

கிராம் கணக்கு:

பைபால்டில் (வெள்ளையும் நிறத் திட்டும் கலந்த மார்ப்) ஒரு வரி. வெள்ளைக்கும் நிறத்துக்கும் உள்ள எல்லை பிறக்கும்போதே முடிந்துபோன விஷயம். 30 சதவீதம் வெள்ளையாகப் பிறந்தது 30 சதவீதமாகவே முதிரும், "வளர்ந்தா வெள்ளை கூடும்" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். நிறமுள்ள திட்டுகள் மட்டும் தன் மார்ப் போகிற வழியில் போகும். பாஸ்டல் பைபால்டின் திட்டு பழுப்பாகும், பனானா பைபால்டின் திட்டில் புள்ளி விழும். வெள்ளைப் பகுதி திடீரென்று தேநீர் நிறமானால் அது தேங்காய் நார்த் தூளின் கறை. தூள் அதிக ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். அடுத்த ஷெட்டில் போய்விடும், தேய்த்துக் கழுவ வேண்டாம்.

அடையாறு:

இந்தியாவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த நிறமாற்றம் காகிதத்திலும் இடிக்கும். பால் பைத்தான், வன உயிரின வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம். 2022 வனவிலங்குத் திருத்தச் சட்டத்தில் சைட்டிஸ் இனங்களுக்கான நான்காம் அட்டவணை வந்தது, 2024 பிப்ரவரியில் விதிகள் வந்தன. வைத்திருப்பது, கைமாற்றுவது, குட்டி பிறப்பது, இறப்பது எல்லாவற்றையும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவிக்க வேண்டும். காகிதம் இல்லாத குட்டி எங்கிருந்து வருகிறது என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும். 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்கள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டன. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

குட்டியில் எடுத்த படத்தையும் பெரிய பாம்பையும் வைத்து அதிகாரி "இது அதுவா?" என்று கேட்டால் நிறத்தைக் காட்டிப் பயனில்லை. நிறம்தான் மாறும், கோலத்தின் வெளிக்கோடு மாறாது. விலாவில் இருக்கும் திட்டுகளும் அவற்றுக்குள் இருக்கும் கறுப்புக் கண்களும் குட்டியில் எப்படியோ அப்படியே இருக்கும். கழுத்துக்குப் பின்னால் முதல் ஐந்து திட்டுகள், இடது, வலது இரண்டு பக்கமும், குட்டியிலேயே கிட்டத்தில் எடுத்து வையுங்கள்.

செதில்:

அதற்குப் படம் எடுக்கும் முறையையும் சேர்த்துவிடுகிறேன். ஷெட் முடிந்த இரண்டாம், மூன்றாம் நாள். ஜன்னலோரப் பகல் வெளிச்சம், நேர் வெயில் கூடாது, ஃபிளாஷ் கூடாது. மஞ்சள் எல்இடி விளக்கில் எடுத்தால் எந்தப் பாஸ்டலும் தங்கமாகத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள். தாள் படத்தில் வெள்ளையாக இல்லையென்றால் பாம்பின் நிறமும் பொய். 250 கிராமுக்கு ஒரு முறை, அதே ஜன்னல், அதே நேரம், கோப்பின் பெயரில் எடையும் தேதியும். வாங்கும்போதும் இதே தாளை வைத்து எடுத்த படத்தைக் கேளுங்கள்.