சோளம் அறுத்த நிலத்தில் எள் முளைக்கவில்லை: என்ன காரணம்?

மானாவாரி விவசாயி:
கரிசல் நிலம். சோளம் அறுத்த கையோடு கட்டையை மடக்கி உழுது எள் விதைத்தேன். ஈரம் போதுமான அளவு இருந்தும் பாதிக்குமேல் முளைக்கவில்லை, முளைத்ததும் தேறவில்லை. வரப்புக்கு அந்தப்பக்கம், தரிசாகக் கிடந்த துண்டில் அதே விதை செழிப்பாக வந்திருக்கிறது. சோளம் நின்ற இடத்தில் சாரணைக் களைகூட அதிகம் தலைகாட்டவில்லை. மண் கெட்டுவிட்டதா?

வேர்ப்பிடி:
மண் கெடவில்லை ஐயா. எள்ளையும் சாரணையையும் அடக்கியது பெரும்பாலும் ஒரே பொருள்தான். சோளத்தின் வேர்த்தூவிகள் சோர்கோலியோன் என்ற எண்ணெய்ப் பசையைக் கசியவிடும். இளம் வேரை உருப்பெருக்கியில் பார்த்தால் தூவிகளின் நுனியில் மஞ்சள் துளிகள் தெரியும், அவ்வளவு அழகு! இலை வெயிலிலிருந்து சக்தி எடுக்கும் பாதையில், அட்ரசின் களைக்கொல்லி அடைக்கும் அதே இடத்தை இதுவும் அடைக்கிறது. இது போதாதென்று, கட்டை மட்கும்போது மண்ணில் இறங்கும் ஃபீனாலிக் அமிலங்களும் முளைப்பை அடக்கும். சிறு விதையில் சேமிப்பு குறைவு என்பதால் அதற்குத்தான் முதல் அடி.

ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் குட்டையாக, நுனி பழுப்பாக இருந்தால் இதுதான். வேர் நன்றாக இருந்து இலை மட்டும் மஞ்சளாக இருந்தால், கட்டையை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்கின்றன என்று பொருள்.

மானாவாரி விவசாயி:
பிடுங்கிப் பார்த்தேன். வேர் குட்டை, நுனி பழுப்புதான். அப்படியானால் தட்டையை ஊறவைத்து அந்த நீரையே களைக்கொல்லியாகத் தெளிக்கலாமா?

வேர்ப்பிடி:
பாகிஸ்தானின் பைசலாபாத்தில் கோதுமை வயலில் அதைச் சோதித்திருக்கிறார்கள். களை குறைந்தது, ஒழியவில்லை. கிழங்கிலிருந்து துளிர்க்கும் கோரைக்கு அதை நம்பி இறங்காதீர்கள்.

தோட்டத்து அக்கா:
செடியில் இருப்பது அப்படியே மருந்தாகிவிடாது தம்பி. 1977-ல் கலிபோர்னியாவில் பாட்டில்பிரஷ் மரத்தடியில் களை குறைந்திருப்பதை ஓர் ஆய்வாளர் கவனித்தார். அந்த மரத்திலிருந்த லெப்டோஸ்பெர்மோன் என்ற பொருள்தான் களையை அடக்கியது, ஆனால் அதற்கு வீரியம் போதவில்லை. மூலக்கூறை மாற்றி மாற்றிச் செய்து பார்த்துத்தான் மக்காச்சோளத்துக்கான மீசோட்ரையோன் என்ற களைக்கொல்லி பிறந்தது. அது பட்ட களையின் இலை வெள்ளைவெளேரென வெளுத்துப்போகும். 2001-ல்தான் விற்பனைக்கு வந்தது.

உங்களுக்கு இப்போது வேண்டியது பொறுமை. கட்டை மட்கட்டும், ஒரு நல்ல மழை இறங்கட்டும். பிறகு அந்த மண்ணை ஒரு தட்டிலும் தரிசு மண்ணை இன்னொன்றிலும் எடுத்து எள்ளைத் தூவுங்கள். இரண்டும் ஒன்றுபோல முளைத்தால் விதைக்கலாம். பருவம் தவறுமென்றால் தட்டைப்பயறு போடுங்கள். விதை பெரிது, தாக்குப்பிடிக்கும்.