மீன்தொட்டியில் செடி வாங்கி விட்டால் அழுகிப்போகிறது: போர்வெல் தண்ணீரில் எது நிற்கும்?

தென்னூர்க்காரன்:
திருச்சியில் வீடு. இரண்டடி மீன்தொட்டி, சுமார் 55 லிட்டர். போர்வெல் தண்ணீர்தான்; டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) 850 காட்டுகிறது. கப்பி, மோலி மீன்கள் இரண்டும் குட்டி போட்டுப் பெருகுகின்றன. செடிதான் நிற்க மாட்டேன் என்கிறது.

கடையில் "தண்ணீர்ச் செடி" என்று நான்கு வகை கொடுத்தார்கள். ஒன்று லக்கி பாம்பூ. இன்னொன்று மேலே சாம்பல் பச்சையாகவும் இலைக்கு அடியில் ஊதாவாகவும் இருக்கும். மூன்றாவது தடித்த கரும்பச்சை இலைக்காரி, பெயர் அனுபியாஸ் என்றார்கள். நான்காவது பழுப்பு நிறத்தில் நெளிந்த இலை. எல்லாவற்றையும் கூழாங்கல்லில் நன்றாக ஊன்றினேன். முதல் இரண்டும் அழுகின. அனுபியாஸின் அடித்தண்டு கொழகொழவென்று ஆகிறது. நான்காவதன் இலைகள் கரைந்தே போயின. விளக்கு காலை ஆறு மணி முதல் இரவு பத்து வரை எரிகிறது. கண்ணாடியில் பச்சைப் பாசி மட்டும் செழிப்பு. தண்ணீர்தான் காரணமா?

இலைநோக்கி:
தண்ணீரைப் பழிக்காதீர்கள். நான்கும் வேறு வேறு காரணத்தால் போயிருக்கின்றன.

லக்கி பாம்பூ மூங்கிலும் அல்ல, நீர்த்தாவரமும் அல்ல; டிரசீனா என்ற நிலச்செடி. வேர் நனையலாம், இலை மூழ்கக் கூடாது. ஊதா இலைக்காரி பெரும்பாலும் ஹெமிகிராஃபிஸ் இனம். அதன் உறவுச் செடி ஒன்றைத்தான் கேரளத்தில் முறிகூட்டி என்று காயத்துக்கு அரைத்துப் போடுகிறார்கள். தொட்டியில் சில வாரம் பொலிவாக இருந்துவிட்டு அழுகும். கடைக்காரர் விற்கும்வரை அது உயிரோடு இருந்தால் போதும் என்பதால் இந்த வியாபாரம் ஓய்வதில்லை. ஆகவே அவை இறந்ததற்கு நீங்கள் பொறுப்பல்ல.

அனுபியாஸை உடனே பிடுங்குங்கள். இலையும் வேரும் புறப்படும் தடித்த தண்டு இஞ்சிபோலக் கிடையாகப் போகும். அதைப் புதைத்தால் அழுகும். கொழகொழத்த பகுதியைக் கூரான பிளேடால் வெட்டி எறியுங்கள். கெட்டியாக இருக்கும் மிச்சத்தைத் தையல் நூலால் ஒரு கல்லில் கட்டிப் போடுங்கள். இரண்டு இலையோடு கைவிரல் நீளத் தண்டு மிஞ்சினாலும் பிழைக்கும்.

நான்காவது கிரிப்டோகோரைன் வென்டியாக இருக்கலாம். எறிந்துவிட்டீர்களா?

தென்னூர்க்காரன்:
இல்லை. வேர் மட்டும் கல்லுக்குள் இருக்கிறது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

வலிகாமத்தான்:
தம்பி, அதைத் தொட வேண்டாம். வென்டி எங்கள் இலங்கைச் செடி. விற்பனைக்குப் பெரும்பாலும் இலை காற்றில் இருக்கும்படிதான் வளர்க்கிறார்கள். அந்த இலை தண்ணீருக்குள் வேலை செய்யாது, கரைந்துவிடும். வேர் உறுதியாக இருந்தால் நீருக்குரிய புதிய இலையைத் தானே விடும். ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் மறுபடி கரையக்கூடும். ஆகவே கிளறாமல் விடுங்கள். வேரில்தான் உணவு எடுக்கும் என்பதால் பக்கத்தில் ஓர் உரமாத்திரையைப் புதைக்கலாம்.

யாழ்ப்பாணக் கிணற்று நீரும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவதுதான். எங்கள் வீட்டில் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி அந்த நீரில் புல்வெளிபோல நிற்கிறது.

பச்சைக்கனவு:
இப்படி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருப்பதைவிட, கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் அக்வா சாயிலும் (தொட்டிச் செடிக்கான சத்து மண்) வாங்கிவிடுங்கள். ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். எந்தச் செடியும் வளரும்.

இலைநோக்கி:
வளரும், ஆனால் செலவு தொட்டியின் விலையைத் தாண்டிப் போகும். தூய ஆர்ஓ நீரில் கால்சியமும் மக்னீசியமும் போய்விடும். மோலிக்குக் கடின நீர்தான் சுகம். இருக்கிற மீனையும் தண்ணீரையும் மாற்றாமல் அதற்கேற்ற செடியைத் தேடுவோம்.

வாலிஸ்நேரியாவை நானும் சொல்கிறேன். கடின நீரில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருந்தாலும் அந்த நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்து கார்பன் எடுத்துக்கொள்ளும். வேரை மட்டும் புதையுங்கள். இலை கிளம்பும் கழுத்து கல்லுக்கு மேலே தெரிய வேண்டும். ஓடுதண்டு விட்டுத் தானாகப் பரவும். ஓர் எச்சரிக்கை: "திரவ கார்பன்" என்று விற்கும் புட்டியில் பெரும்பாலும் இருப்பது குளுட்டரால்டிஹைடு என்ற ரசாயனம். அது வாலிஸ்நேரியாவைக் கரைத்துவிடும்.

வேகமாக வளர ஒன்று வேண்டுமானால் ஹைட்ரில்லா. பள்ளியில் பீக்கருக்குள் புனலைக் கவிழ்த்து ஆக்சிஜன் குமிழி காட்டினார்களே, அதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சிக்கொள்வதால் பாசிக்குத் தீனி குறையும். ஆனால் கழித்த துண்டுகளை ஏரியிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். ஒரு கணு போதும், முளைத்துவிடும். எந்தத் தொட்டிச் செடிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கபோம்பா என்ற தொட்டிச் செடி கேரள நீர்நிலைகளில் பரவியிருப்பதைப் பார்த்தால் புரியும்.

ஜாவா ஃபெர்ன் எளிதென்று எல்லோரும் சொல்வார்கள். திருச்சி வெயிலில் தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறும் வீட்டில் நான் அதை முதலில் வைக்க மாட்டேன்.

விளக்கைப் பாதிக்கு மேல் குறையுங்கள். ஆறு அல்லது ஏழு மணி நேரம் போதும். டைமர் பிளக் ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் மறக்கவும் இடமில்லை.

தென்னூர்க்காரன்:
அனுபியாஸை வெட்டிக் கட்டிவிட்டேன். நான்கு இலை மிஞ்சியது. இரண்டு சந்தேகம். இனிமேல் கடையில் பொய்த் தண்ணீர்ச் செடியை எப்படிக் கண்டுபிடிப்பது? புதுச் செடியோடு நத்தை வந்தால்?

வலிகாமத்தான்:
தண்ணீரிலிருந்து தூக்கிப் பாருங்கள். விறைப்பாக நிமிர்ந்து நின்றால் சந்தேகப்படுங்கள். வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்றவை துவண்டு தொங்கும். அனுபியாஸ், கிரிப்டோ இரண்டும் விதிவிலக்கு, அவை நிமிர்ந்தே நிற்கும். ஆகவே பெயர் கேட்டு வாங்குவதே நல்லது. பெயர் சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

இலைநோக்கி:
நத்தை முட்டை இலைக்கு அடியில் கண்ணாடிக் கூழ்போல ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டிவிட்டு ஓடும் நீரில் அலசுங்கள். தப்பி வருகிற சின்ன நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும்தான் மேயும். பெருகிவிட்டால் மீனுக்குத் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று பொருள்.

தென்னூர்க்காரன்:
தீனி இரண்டு வேளை, கை நிறைய.

இலைநோக்கி:
ஒரு வேளையாக்குங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. பாசிக்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.