மூணாவது நாள் சிவப்பு

மாரத்தஹள்ளி மணி:
பெங்களூருல டெஸ்டிங் வேலை. சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம், அப்பாகிட்ட ரெண்டு கறவை மாடு. இப்போ எங்க டீம் கையில இருக்கிறது ஆஸ்திரேலியக் கறிமாட்டுப் பண்ணைகளுக்கான மென்பொருள். அங்கே என்.எல்.ஐ.எஸ்.னு ஒரு தேசியக் கால்நடைப் பதிவேடு. மாட்டுக் காதுல சிப் வெச்ச வில்லை, பண்ணைக்கு எட்டு எழுத்துக் குறியீடு. மாடு பண்ணை மாறினா ரெண்டு நாளுக்குள்ள அந்தப் பதிவேட்டுல ஏத்தணும். மூணாவது நாள்னா திரை சிவப்பாகணும்; அதைத்தான் ஒரு வாரமா சோதிக்கிறேன்.

அங்கே 1872க்கு அப்புறம் கோமாரியே (வாயிலயும் குளம்புலயும் புண் வர்ற தொற்றுநோய்) வரலையாம். இல்லாத நோய்க்கு எதுக்கு இந்தக் காவல்? அப்பா சிரிக்கிறார்: "நம்ம லட்சுமி காதுலயும்தான் மஞ்சக் கம்மல் தொங்குது."

ஹெப்பாள் மாட்டு டாக்டர் (ஓய்வு):
தம்பி, இல்லாததால்தான் காவல். 2001 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், இறைச்சிக்கூடத்துப் பன்றிகளிடம் கோமாரி தெரிந்தது. அதற்குள் வடக்கே நோய் பிடித்த ஆடுகள் சந்தை சந்தையாகக் கை மாறிவிட்டன. ஆட்டுக்கு வாய்ப்புண் சட்டென்று கண்ணில் படாது. நோய் உறுதியான பிறகும் நடமாட்டத்தை நிறுத்த மூன்று நாள் ஆனது. கடைசியில் 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்றார்கள். உங்கள் திரை சிவப்பாவது அந்த மூன்று நாளுக்காக.

ஆஸ்திரேலிய மாடுகளிடம் காசநோயும், சினையைக் கலைக்கும் கன்று வீச்சு நோயும் (புருசெல்லோசிஸ்) இருந்தன. 1970ல் ஒழிக்கத் தொடங்கியபோது சிப் ஏது? வாலில் ஒரு வில்லை, அவ்வளவுதான். அறுத்த மாட்டின் நிணநீர்க் கணுவில் கட்டி தெரிந்தால், வால் வில்லையைப் படித்து, புறப்பட்ட பண்ணைக்கே போய் மந்தை முழுவதையும் சோதிப்பார்கள். வடக்கே வேலியில்லாத காட்டில் எருமைகளை ஹெலிகாப்டரிலிருந்து சுட்டார்கள். கன்று வீச்சு 1989லும் காசநோய் 1997லும் ஒழிந்ததாக அறிவித்தார்கள். இங்கே நான் சர்வீஸில் இருந்தபோது, சோதனையில் பாசிட்டிவ் வந்தால் விவசாயி என் முகத்தைப் பார்ப்பார், நான் பதில் இல்லாமல் கூரையைப் பார்ப்பேன்.

ஹொசக்கோட்டை பால்காரன்:
அவங்களுக்கு ஊசியே வேணாம், நமக்கு மட்டும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா கோமாரி ஊசி! போட்டா ரெண்டு நாள் பால் குறையுது சார்.

ஹெப்பாள் மாட்டு டாக்டர் (ஓய்வு):
ரெண்டு நாள்தானே? கோமாரி வந்தால் அந்த ஈத்தே போச்சு. நம்ம மண்ணில் நோய் இருக்கிறது, அதனால் ஊசி. அவர்கள் ஊசி போட்டால் 'ஊசியில்லாமலே நோயற்ற நாடு' என்ற பெயர் போய், கறி ஏற்றுமதி அடிவாங்கும். 2022ல் இந்தோனேசியாவில் கோமாரி வந்தபோது, பாலியிலிருந்து ஆஸ்திரேலியாவில் வந்து இறங்கியவர்களைக் கிருமிநாசினி நனைத்த விரிப்பில் மிதித்து வரச் சொன்னார்களே தவிர, ஊசியை எடுக்கவில்லை.

மாரத்தஹள்ளி மணி:
லட்சுமியோட மஞ்சக் கம்மல்ல இருக்கிற பன்னிரண்டு இலக்க எண்ணை இப்போதான் அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். போன வருஷம் சந்தையில வாங்கின மாடு. பதிவுல இன்னும் பழைய சொந்தக்காரர் பேர்லதான், வேற தாலுகாவுல நிக்குது. பேர் மாத்த ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனா போதுமா டாக்டர்?