க்ளோத்தோ புரதம் அப்பாவின் மறதிக்கு மருந்தாகுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 74 வயது. இரண்டு முறை லேசான பக்கவாதம் வந்தது. மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்ததால் வரும் டிமென்ஷியா என்கிறார் மருத்துவர். சில மாதங்கள் ஒரே நிலையில் இருப்பார். திடீரென ஒரு படி இறங்கிவிடுவார். நேற்றுச் சட்டைப் பொத்தானை விரல்களில் பிடித்தபடி, அடுத்து என்ன செய்வது என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுளை நீட்டிக்கும் க்ளோத்தோ என்ற புரதத்தைக் கூட்டும் என்று சொல்லி மாத்திரைகள் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில் 1:
வேண்டாம், அம்மா. நான் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர் குரோ-ஓவின் குழு இந்தப் புரதத்தை அறிவித்தது. உயிரின் நூலை நூற்கும் கிரேக்க தேவதையின் பெயரை அதற்கு வைத்தார்கள். அது இல்லாத சுண்டெலிகள் விரைவில் மூப்படைந்து, சுமார் இரண்டு மாதங்களில் இறந்தன. அவற்றின் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ரத்தநாளம் கெட்டு வரும் மறதிக்கும் இது உதவுமா என்ற ஆர்வம் எழுவதில் வியப்பில்லை.

2023இல் வயதான ரீசஸ் குரங்குகளுக்குத் தோலடியில் ஒரே ஒரு க்ளோத்தோ ஊசி போட்டார்கள். நினைவாற்றல் மேம்பட்டு, இரண்டு வாரங்களாவது நீடித்தது. குறைந்த அளவில்தான் பலன். அளவைக் கூட்டியபோது அது கிடைக்கவில்லை. என்னை மிகவும் யோசிக்க வைப்பது இதுதான். அளவு தெரியாமல் கூட்டுவது எப்படி நியாயம்? மேலும் அவை மூப்படைந்த குரங்குகள், பக்கவாதம் கண்டவை அல்ல. புரதத்தையே மாத்திரையாக விழுங்கினாலும் பருப்பைப் போலச் செரித்துப்போகும்.

பதில் 2:
என் கணவருக்கும் இதே நோய். நான் நம்புவது ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதைத்தான். மேல் அளவை 120க்குக் கீழ் வைத்த ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், 2019இல் வந்த முடிவுப்படி, லேசான அறிவாற்றல் குறைவு புதிதாக வருவது சற்றுக் குறைந்தது. ஆனால் பக்கவாதம் வந்தவர்களை அதில் சேர்க்கவில்லை. எனவே அப்பாவுக்கு எந்த அளவு என்பதை மருத்துவரே சொல்லட்டும். உட்கார்ந்தும், எழுந்து நின்ற பிறகும் அளந்து எழுதுங்கள். சட்டையில் முதல் பொத்தானை மட்டும் நீங்கள் போட்டுவிட்டுக் காத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்:
மாத்திரை வாங்கவில்லை. மூன்று நாள் அளவுகளை எழுதியிருக்கிறேன். எழுந்து நின்றால் அழுத்தம் நன்றாக இறங்குகிறது. நாளை மருத்துவரிடம் காட்டுகிறேன். இன்று காலை முதல் பொத்தானை நான் போட்டேன். மீதி நான்கையும் அப்பாவே போட்டுக்கொண்டார்.